நண்பன் கேட்கும் பாட்டு உங்கள் பிளேலிஸ்ட்டுக்குள் எப்படி வருகிறது? ஸ்ட்ரீமிங் செயலிகளின் 'மச்சி, இதைக் கேளு' கணக்கு!

உங்கள் போனில் இந்த மாதம் அடிக்கடி ஓடிய 10 பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை பாட்டை நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்தீர்கள்? எத்தனை, ஆபீஸ் கேப்பில் யாரோ போட்டது? எத்தனை, வாட்ஸ்அப்பில் 'மச்சி, இதைக் கேளு' என்று வந்த லிங்க்? எத்தனை, யாரோ ஒரு ஃபிரெண்டின் இன்ஸ்டா ஸ்டோரியில் 15 விநாடி கேட்டுவிட்டு அப்படியே தேடிப் போனது?

நேர்மையாக எண்ணிப் பார்த்தால், 'என் டேஸ்ட்' என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி, நம் நண்பர்களின் டேஸ்ட்டாக இருக்கலாம். இது தப்பில்லை. ஆனால், இந்தப் பழக்கத்தை ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. பிளெண்ட், ஜாம், ஃபிரெண்ட் ஆக்டிவிட்டி என ஒவ்வொரு வசதியும் அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இது எப்படி வேலை செய்கிறது, இதில் நமக்கு என்ன லாபம், என்ன சிக்கல்? விரிவாகப் பார்ப்போம்.

10 கோடி பாட்டு... எதைக் கேட்பது?

பிரச்னையின் ஆரம்பம் இதுதான். ஆப்பிள் மியூசிக் தன்னிடம் 10 கோடி பாடல்கள் இருப்பதாக 2022 அக்டோபரில் அறிவித்தது. ஒரு பாட்டு 3 நிமிடம் என்று வைத்தாலும், தூங்காமல் இடைவிடாமல் கேட்டால் மொத்தத்தையும் முடிக்க 570 ஆண்டுகள் ஆகும். ஆக, எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது யாராலும் முடியாது. யாராவது வடிகட்டித் தர வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த வேலையை வானொலி செய்தது. இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் நேயர் விருப்பம் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். பாட்டுக்கு முன்னால், அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வாசிக்கப்படும். 'இந்தப் பாட்டை இத்தனை பேர் கேட்கிறார்கள்' என்ற தகவலும் பாட்டோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்தது. அடுத்து காசெட் காலம். பிடித்த பாடல்களைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால், காலி காசெட்டில் பதிந்து தருவார்கள். அந்த காசெட் ஹாஸ்டல் முழுக்கச் சுற்றும். பிளேலிஸ்ட் ஷேரிங் என்று இன்று நாம் சொல்வதன் தாத்தா அதுதான்.

'வாய்வழிப் பரிந்துரை'யை மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்

நண்பர் சொல்லும் பரிந்துரையை ஒரு கணினி செய்ய முடியுமா? 1990-களின் நடுவிலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேபில் உபேந்திர ஷர்தானந்த், பாட்டி மேஸ் ஆகியோர் உருவாக்கிய 'ரிங்கோ' என்ற திட்டம் மின்னஞ்சல் வழியாக இயங்கியது. இசைக்கலைஞர்களுக்கு நீங்கள் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு அனுப்ப வேண்டும். உங்களைப் போலவே மதிப்பெண் போட்ட மற்றவர்களை ரிங்கோ கண்டுபிடிக்கும். அவர்களுக்குப் பிடித்து, நீங்கள் இன்னும் கேட்காத கலைஞர்களை உங்களுக்குச் சொல்லும். 1995-ல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, வாய்வழிப் பரிந்துரையைத் தானியங்கியாக்குவது பற்றியதுதான்.

2002-ல் பிரிட்டனில் தொடங்கிய 'லாஸ்ட்.எஃப்எம்' இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவராக இருந்த ரிச்சர்ட் ஜோன்ஸ் உருவாக்கிய 'ஆடியோஸ்கிராப்ளர்' பின்னர் அதோடு இணைந்தது. நீங்கள் கணினியில் கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் அது தானாகவே குறித்துக்கொள்ளும். அந்தக் கணக்கை வைத்து உங்களோடு ரசனை ஒத்துப்போகும் 'அண்டை வீட்டாரை' காட்டும். முகம் தெரியாதவர்தான், ஆனால் காது ஒரே மாதிரி! இதன் மதிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரே உதாரணம்: 2007-ல் சி.பி.எஸ் நிறுவனம் லாஸ்ட்.எஃப்எம்மை 28 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆப்பிள் தோற்ற இடம், ஸ்பாட்டிஃபை திணறிய இடம்

'நண்பர்கள் கேட்பதைக் காட்டினால் போதும், எல்லோரும் பாட்டு வாங்குவார்கள்' என்று 2010-ல் ஆப்பிள் நினைத்தது. ஐடியூன்ஸுக்குள்ளேயே 'பிங்' என்ற இசைக்கான சமூக வலைதளத்தைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2012 செப்டம்பரில் மூடிவிட்டது. காரணம் ரொம்ப சிம்பிள். நம் நண்பர்கள் ஏற்கெனவே வேறு இடத்தில் இருந்தார்கள். பாட்டுக்காக மட்டும் இன்னொரு ஃபிரெண்ட் லிஸ்ட்டை உருவாக்க யாருக்கும் பொறுமை இல்லை.

ஸ்பாட்டிஃபை எதிர்த் திசையில் போனது. 2011 செப்டம்பரில் ஃபேஸ்புக்கோடு கைகோத்தது. நீங்கள் கேட்கும் பாட்டு உங்கள் நண்பர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் தானாகவே ஓடத் தொடங்கியது. பயனர்கள் கடுப்பானார்கள். 'நான் என்ன கேட்கிறேன் என்று ஊருக்கே ஏன் சொல்கிறாய்?' என்ற கேள்வி எழுந்தது. சில நாட்களிலேயே, மறைவாகக் கேட்கும் வசதியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்று 'பிரைவேட் செஷன்' என்று நாம் பயன்படுத்தும் வசதியின் தொடக்கம் அதுதான்.

செயலிக்குள்ளேயே பாட்டு அனுப்பிக்கொள்ளும் இன்பாக்ஸ் வசதியும் ஸ்பாட்டிஃபையில் இருந்தது. பயன்பாடு குறைவு என்று 2017-ல் நீக்கினார்கள். அதே நிறுவனம் 2025 ஆகஸ்டில் தேர்ந்தெடுத்த சில நாடுகளில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெசேஜ் வசதியை மறுபடி கொண்டுவந்தது. பாட்டு பற்றிய பேச்சு வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாவுக்கும் போய்விடுகிறது. அதைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த முயற்சியின் பின்னணி.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ், 2020 மார்ச்சில் இங்கே 'ரெஸ்ஸோ' செயலியை அறிமுகப்படுத்தியது. பாட்டுக்குக் கீழே கமென்ட், பாடல் வரியைப் பகிர்வது என்று முழுக்க சோஷியல் ஸ்டைல். 2024 ஜனவரி 31-ஆம் தேதியுடன் இந்தியாவில் அதன் கதை முடிந்தது.

நண்பர் கேட்பது என் பரிந்துரையை நேரடியாக மாற்றுமா?

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. 'என் ரூம்மேட் கானா கேட்கிறான், எனக்கும் கானா வருது' என்போம். ஆனால் ஸ்பாட்டிஃபையில் ஒவ்வொரு திங்களும் வரும் 30 பாட்டு கொண்ட 'டிஸ்கவர் வீக்லி' போன்ற பட்டியல்களுக்கு அடிப்படை உங்கள் ஃபிரெண்ட் லிஸ்ட் அல்ல. ரிங்கோ காலத்து ஐடியாதான் அங்கே பெரிய அளவில் ஓடுகிறது. உங்களைப் போலவே கேட்கும் லட்சக்கணக்கான முகம் தெரியாதவர்கள் எந்தப் பாட்டையும் எந்தப் பாட்டையும் சேர்த்து பிளேலிஸ்ட் போடுகிறார்கள் என்பதை வைத்து உங்களுக்கான கணிப்பு உருவாகிறது.

அப்படியானால் நண்பர் எங்கே நுழைகிறார்? பின்வாசல் வழியாக. இப்படி:

1. நண்பர் ஒரு லிங்க் அனுப்புகிறார்.
2. நீங்கள் அதைக் கேட்கிறீர்கள். 30 விநாடியைத் தாண்டினால் ஸ்பாட்டிஃபையில் அது ஒரு 'பிளே' ஆகக் கணக்கில் ஏறும்.
3. பிடித்திருந்தால் சேமிக்கிறீர்கள், மறுபடி கேட்கிறீர்கள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் தள்ளிவிடுகிறீர்கள். இரண்டுமே செயலிக்குத் தகவல்தான்.
4. அடுத்த வாரம் அதே பாணியில் நாலு பாட்டு உங்கள் பட்டியலில் வந்து நிற்கும்.

அதாவது, நண்பர் தருவது விதை. அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது அல்காரிதம். மூன்று மாதம் கழித்து அந்தப் பாணி உங்களுக்குப் பிடித்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்பதே உங்களுக்கு மறந்துபோயிருக்கும்.

பிளெண்ட், ஜாம்: நட்பையே ஃபீச்சர் ஆக்கியது எப்படி?

முகம் தெரியாத 'அண்டை வீட்டார்' போதாது, நிஜ நண்பர்களும் வேண்டும் என்று ஸ்பாட்டிஃபை 2021-ல் கொண்டுவந்ததுதான் 'பிளெண்ட்'. இரண்டு பேரின் ரசனையைக் கலந்து ஒரே பிளேலிஸ்ட் உருவாகும், தினமும் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் அது யாரால் வந்தது என்று புரொஃபைல் படம் இருக்கும். இருவரின் ரசனை எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்றும் காட்டும். அந்த சதவீதத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டோரி போடாத ஜோடிகள் குறைவு! 2022-ல் இது 10 பேர் வரை சேரக்கூடிய வசதியானது.

2023 செப்டம்பரில் வந்தது 'ஜாம்'. பிரீமியம் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் தொடங்கினால், 32 பேர் வரை சேர்ந்து ஒரே வரிசையில் பாட்டு போட்டுக் கேட்கலாம். ஆப்பிள் மியூசிக்கும் 2024 ஜனவரியில் நண்பர்கள் சேர்ந்து உருவாக்கும் பிளேலிஸ்ட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் இமோஜி ரியாக்‌ஷன் போடலாம்.

நிறுவனங்களுக்கு இதில் என்ன லாபம்? நாளைக்கு நீங்கள் வேறு செயலிக்கு மாறினால் பாட்டு அங்கேயும் கிடைக்கும். ஆனால் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய அந்த பிளெண்ட் கிடைக்காது. 'எல்லாரும் அதில்தான் இருக்காங்க, நான் மட்டும் எங்க போறது?' என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம்தான் மாதச் சந்தா.

48 பாட்டு, 8 உலகம்: கண் திறக்க வைத்த ஒரு சோதனை

'நல்ல பாட்டு எப்படியும் ஜெயிக்கும், ஷேர் பண்ணுவதால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டன்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் நடத்திய இதன் முடிவுகள் 2006-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின.

அவர்கள் ஓர் இணையதளம் உருவாக்கினார்கள். அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள். மொத்தம் 14,341 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல் பெயர் மட்டும் தெரியும். மற்றவர்கள் 8 தனித்தனி 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டார்கள். தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்ற எண்ணிக்கை அவர்களுக்குத் தெரியும். பாட்டு எல்லோருக்கும் அதேதான்.

முடிவு? மற்றவர்களின் தேர்வு தெரிந்த உலகங்களில் ஹிட் பாட்டு இன்னும் பெரிய ஹிட் ஆனது, கீழே இருந்தது இன்னும் கீழே போனது. அதைவிட ஆச்சரியம், ஒவ்வோர் உலகத்திலும் ஹிட் ஆன பாட்டு வேறு வேறு. 52மெட்ரோ என்ற குழுவின் 'லாக்டவுன்' பாடல், எண்ணிக்கை தெரியாத பிரிவில் 26-வது இடத்தில் இருந்தது. ஓர் உலகத்தில் அது முதலிடம். இன்னொன்றில் 40-வது இடம்!

மிகச் சிறந்த பாட்டு பெரும்பாலும் அடியோடு தோற்கவில்லை, மிக மோசமானது பெரும்பாலும் ஜெயிக்கவில்லை. ஆனால் நடுவில் இருக்கும் பாட்டுகளுக்கு எதுவும் நடக்கலாம். முதலில் கேட்ட சிலர் யார், அவர்கள் எதை டவுன்லோடு செய்தார்கள் என்பதே விதியை எழுதியது.

இதைப் படிக்கும்போது 2011 நவம்பர் ஞாபகத்துக்கு வரலாம். தனுஷ் பாடி, அனிருத் இசையமைத்த 'கொலவெறி' யூடியூப்பில் வந்த சில நாட்களிலேயே தமிழ் தெரியாதவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் பக்கங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. 'நீ இன்னும் கேட்கலையா?' என்ற ஒற்றைக் கேள்விக்கு இருக்கும் பவர் அது.

நெருங்கிய நண்பரைவிட, தூரத்து நண்பர் பெட்டர்!

இங்கே ஒரு ட்விஸ்ட். நாம் நம்மைப் போன்றவர்களோடுதான் நெருக்கமாகப் பழகுகிறோம். ஒரே காலேஜ், ஒரே ஊர், ஒரே வயது. அதனால் நெருங்கிய நண்பர் அனுப்பும் பாட்டு நமக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால், அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டாக இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. வேலை பற்றிய புதிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதோ பார்க்கும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று அவர் காட்டினார். காரணம், அவர்கள் வேறொரு வட்டத்தில் இருப்பவர்கள். பாட்டுக்கும் இந்த லாஜிக் பொருந்தும். பக்கத்து டீமில் இருக்கும் மணிப்பூர்க்காரர், ஜிம்மில் பார்க்கும் மலையாளி, லண்டனில் வளர்ந்த கசின்... உங்கள் பிளேலிஸ்ட்டின் ஜன்னலைத் திறப்பவர்கள் இவர்கள்தான்.

அல்காரிதத்தை மட்டுமே நம்பினால் என்ன ஆகும்? டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளரும் ஸ்பாட்டிஃபை ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. அல்காரிதம் தரும் பாட்டுகளைச் சார்ந்து கேட்பவர்களின் இசை குறுகிய வட்டத்துக்குள் இருப்பதையும், காலப்போக்கில் பலவகைப் பாட்டுகளுக்கு மாறியவர்கள் அல்காரிதத்தைக் குறைத்துத் தாங்களாகத் தேடிக் கேட்பதை அதிகப்படுத்தியிருப்பதையும் அது கண்டது. தானாகத் தேடுவதன் மிகச் சுலபமான வழி, வேறு ரசனை உள்ள ஒரு மனிதரிடம் 'என்ன கேக்குறீங்க?' என்று கேட்பதுதான்.

இதில் யாருடைய பணம் இருக்கிறது?

இதெல்லாம் நம் ரசனை விஷயம் மட்டும் என்றால் இத்தனை பேச வேண்டியதில்லை. ஒரு கலைஞரின் வருமானமும் இதில் இருக்கிறது.

இசைத் தரவு நிறுவனமான லுமினேட்டின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஸ்ட்ரீமிங் சேவைகளில் இருந்த 18.4 கோடி பாடல்களில் சுமார் 4.5 கோடி பாடல்களை அந்த ஆண்டு ஒருவர்கூடக் கேட்கவில்லை. 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபை இன்னொரு விதியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு பாட்டு கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதன் பதிவுக்கான ராயல்டி கணக்கில் வரும். 999 என்றால், பூஜ்யம்.

சினிமா பாட்டுக்கு 1,000 ஒரு பொருட்டே இல்லை. ஆனால், பெரிய நடிகர், பெரிய லேபிள் எதுவும் இல்லாமல் வீட்டு அறையில் பாட்டைப் பதிந்து வெளியிடும் ஒரு சுயாதீனக் கலைஞருக்கு அது ஒரு மலை. மாதம் 84 முறை. அந்த எண்ணிக்கையை எட்டவைப்பது பெரும்பாலும் ஃபிரெண்ட்ஸ் வட்டமும், அவர்களின் ஃபிரெண்ட்ஸும்தான். மேலே சொன்ன சோதனையை நினைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் கேட்கும் சிலர்தான் ஒரு பாட்டு எந்த உலகத்தில் வாழப்போகிறது என்பதைத் தீர்மானிக்கிறார்கள்.

அதற்காக, போனை மியூட்டில் போட்டு ராத்திரி முழுக்க ஒரே பாட்டை ஓடவிட்டு 'உதவி' செய்யாதீர்கள். செயற்கையாக எண்ணிக்கை கூட்டுவதைக் கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை அந்த பிளேக்களைக் கணக்கில் சேர்க்காது. அளவுக்கு மீறினால் பாட்டை வெளியிட்ட விநியோகஸ்தர் அபராதம் கட்ட வேண்டிவரும். கடைசியில் சிக்கல் அந்தக் கலைஞருக்குத்தான்.

யாரெல்லாம் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

பகிர்தலுக்கு இன்னொரு முகம் உண்டு. 2025 ஜூலையில் 'பனாமா பிளேலிஸ்ட்ஸ்' என்ற இணையதளம், அமெரிக்க அரசியல், தொழில்நுட்பப் பிரமுகர்கள் பலரின் ஸ்பாட்டிஃபை கணக்குகள் என்று சொல்லி, அவர்களின் பிளேலிஸ்ட்களைத் திரட்டி வெளியிட்டது. கணக்கில் பொதுவெளிக்குத் திறந்திருந்த தகவல்களே இதற்குப் போதுமாக இருந்தன.

நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரேக்கப் ஆன வாரம் நடுராத்திரியில் நீங்கள் கேட்ட சோகப் பாட்டு, 'நேர்காணல் தயாரிப்பு' என்று பெயர் வைத்த பிளேலிஸ்ட், சிக் லீவ் போட்ட நாளில் ஓடிய பார்ட்டி மிக்ஸ்... இதையெல்லாம் டீம் லீட் பார்க்க வேண்டுமா?

யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே நாம் கேட்பதும் மாறிவிடும். பிடித்த குத்துப்பாட்டைத் தவிர்த்து, 'கெத்தாக'த் தெரியும் பாட்டைப் போடுவோம். அது நடந்தால், நண்பருக்குப் போவது உங்கள் ரசனை இல்லை, உங்கள் நடிப்பு.

என்ன செய்யலாம்? 6 டிப்ஸ்

- பிரைவசி பகுதியை ஒருமுறை பாருங்கள்: ஸ்பாட்டிஃபை செட்டிங்ஸில் நீங்கள் கேட்பது நண்பர்களுக்குத் தெரிவதை அணைக்கும் வசதி இருக்கிறது. தற்காலிகமாக மறைய 'பிரைவேட் செஷன்' போதும்.
- பிளேலிஸ்ட் பெயர்களைச் சரிபாருங்கள்: புரொஃபைலில் எது வெளியே தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்து, தேவையில்லாததை மறைத்துவிடுங்கள்.
- அக்கா பையனின் ரைம்ஸைத் தனியாக வையுங்கள்: உங்கள் போனில் குழந்தைகள் கேட்கும் பிளேலிஸ்ட்டை, ரசனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஸ்பாட்டிஃபையிடம் சொல்ல முடியும். இல்லையென்றால் உங்கள் திங்கள்கிழமைப் பட்டியலில் யானை, பூனை எல்லாம் வரும்.
- பிளெண்டை ரசனை மாறுபடும் ஒருவரோடு போடுங்கள்: 90 சதவீதம் ஒத்துப்போகும் நண்பரோடு போட்டால் ஜாலி. 40 சதவீதம் உள்ளவரோடு போட்டால்தான் புதுப் பாட்டு. அப்பா, அம்மாவோடு போட்டுப் பாருங்கள், வீட்டில் பேச ஒரு விஷயமும் கிடைக்கும்.
- லிங்க்கோடு ஒரு வரி எழுதுங்கள்: வெறும் லிங்க் வந்தால் 'அப்புறம் கேட்கலாம்' என்று விட்டுவிடுவோம். '2-வது நிமிஷத்தில் வரும் நாதஸ்வரத்தைக் கேளு' என்று எழுதினால் கண்டிப்பாகக் கேட்பார்கள்.
- மாதம் ஒரு சுயாதீனப் பாட்டு: பிடித்திருந்தால் மட்டும் இரண்டு பேருக்கு அனுப்புங்கள். அந்தக் கலைஞரின் 1,000-ல் அது மூன்று.